பட்டமளிப்பு மேடையும் பேச்சுரிமைப் பதிவேடும்: ஃபயர் அமைப்பின் தரவுத்தளம் குறித்து ஒரு மதிப்புரை

அமெரிக்கக் கல்லூரிகளில் பட்டமளிப்பு விழாக்கள் பெரும்பாலும் மே மாதத்தில் நடக்கின்றன. அந்த மாதம் நெருங்கும்போதே சிறப்புரைக்கு யாரை அழைத்தார்கள், அந்த அழைப்பை எதிர்த்து யார் மனுக் கொடுத்தார்கள், அழைக்கப்பட்டவர் வந்தாரா, தானே விலகினாரா, விலக்கப்பட்டாரா என்ற செய்திகள் வரத் தொடங்கிவிடுகின்றன. ஒவ்வொரு செய்தியும் சில நாள் பரபரப்பாகப் பேசப்பட்டு மறந்துபோவதால், இதெல்லாம் இடதுசாரி மாணவர்களின் சகிப்பின்மை என்பவர்களும், வலதுசாரி அரசியல்வாதிகளின் மிரட்டல் என்பவர்களும் தத்தமக்கு வசதியான இரண்டு மூன்று நிகழ்வுகளை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வாதிடுகிறார்கள். இந்த வாதத்துக்கு ஓர் அடித்தளம் தரும் சேவை ஒன்று கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஃபயர் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்கப் பேச்சுரிமை அமைப்பு நடத்தும் ‘கேம்பஸ் டீபிளாட்ஃபார்மிங் டேட்டாபேஸ்’, அதாவது கல்லூரி வளாகங்களில் பேச்சாளர்களுக்கு மேடை மறுக்க நடந்த முயற்சிகளின் தரவுத்தளம்தான் அது. அந்தத் தரவுத்தளத்தையும், அதே அமைப்பு ஆண்டுதோறும் வெளியிடும் கல்லூரிப் பேச்சுரிமைத் தரவரிசையையும், பட்டமளிப்பு விழாக்களில் அரசியல் கருத்துக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்ற ஒரே கேள்வியோடு படித்து வந்திருக்கிறேன். தரவுத்தளத்தை இந்த விஷயத்தில் அக்கறையுள்ள எல்லோருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். தரவரிசையைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன்.

ஃபயர் அமைப்பைப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியர் ஆலன் சார்ல்ஸ் கோர்ஸும், மாசசூசெட்ஸைச் சேர்ந்த சிவில் உரிமை வழக்கறிஞர் ஹார்வி சில்வர்கிளேட்டும் 1999இல் தொடங்கினார்கள். கல்வி நிலையங்களில் தனிமனித உரிமையைக் காப்பதையே தன் பெயராகக் கொண்டிருந்த அமைப்பு, 2022இல் கல்லூரிகளுக்கு வெளியேயும் கருத்துரிமை வழக்குகளை நடத்த முடிவு செய்து, பெயரையும் அதற்கேற்ப மாற்றிக்கொண்டது. கல்லூரி வளாகங்களுக்கு அழைக்கப்பட்ட பேச்சாளர்களைத் தடுக்க நடந்த முயற்சிகளை அது நீண்ட காலமாகத் தொகுத்து வருகிறது. தொடக்கத்தில் அழைப்பு ரத்துகளை மட்டும் குறித்துக்கொண்ட பதிவேடு, இப்போது பேச்சை இடைமறித்து நிறுத்துதல், திரையிடலையும் நாடகத்தையும் தடுத்தல், கலைப்படைப்பை அகற்றுதல் ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டு விரிந்திருக்கிறது.

ஒவ்வொரு பதிவிலும் ஆண்டு, கல்லூரி, பேச்சாளர், சர்ச்சைக்குக் காரணமான பொருள், எதிர்ப்பு வந்த அரசியல் திசை, முடிவில் என்ன ஆயிற்று என்ற விவரங்கள் இருக்கின்றன. அது எந்த வகை நிகழ்ச்சி என்பதும் குறிக்கப்படுவதால் பட்டமளிப்பு விழாக்களை மட்டும் பிரித்தெடுத்துப் பார்க்கலாம். இந்த வசதி இல்லையென்றால் நான் இந்த மதிப்புரையையே எழுதியிருக்க மாட்டேன். ஏனெனில், ஒரு மாணவர் சங்கம் மாலை நேரத்தில் ஏற்பாடு செய்யும் கூட்டமும் பட்டமளிப்பு விழாவும் ஒன்றல்ல. சங்கக் கூட்டத்துக்கு விரும்பியவர்கள் போகிறார்கள். பிடிக்காதவர்கள் போகாமல் இருந்துவிடலாம். பட்டமளிப்பு விழாவிலோ, நான்காண்டு உழைத்த மாணவர் தன் குடும்பத்தோடு அமர்ந்து கேட்டே ஆக வேண்டியிருக்கிறது. பேசுபவருக்குக் கல்லூரி பெரும்பாலும் கௌரவப் பட்டமும் கொடுக்கிறது. ஒருவரைப் பேச விடுவது வேறு, கல்லூரியின் பெயரால் அவரைப் போற்றுவது வேறு என்று மாணவர்கள் சொல்லும்போது அதில் நியாயம் இருக்கிறது. ஃபயர் அமைப்பின் வரையறையும் இந்த நுட்பத்தை ஓரளவுக்குக் காப்பாற்றுகிறது. பேச்சாளரை விமரிசிப்பதும், அவர் பேசும்போது அமைதியாக எழுந்து வெளியேறுவதும் தடுப்பு முயற்சிகளாகக் கணக்கிடப்படுவதில்லை; அவரைப் பேசவிடக் கூடாது என்று கோரினாலோ, பேச்சை இடைமறித்தாலோதான் பதிவாகிறது.

இந்தப் பதிவேட்டைச் சோதித்துப் பார்க்க 2014ஐ விடப் பொருத்தமான ஆண்டு இல்லை. அந்த வசந்த காலத்தில் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் எழுத்தாளர் அயான் ஹிர்சி அலிக்கு அறிவித்திருந்த கௌரவப் பட்டத்தை, இஸ்லாம் பற்றி அவர் முன்பு சொன்ன கருத்துகளைக் காரணம் காட்டித் திரும்பப் பெற்றது. முன்னாள் வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைஸ், ஈராக் போரில் அவருக்கு இருந்த பங்கை முன்வைத்து ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களும் மாணவர்களும் எதிர்ப்புத் தெரிவித்ததையடுத்துத் தானே விலகிக்கொண்டார். பன்னாட்டு நாணய நிதியத்தின் அன்றைய தலைவர் கிறிஸ்டீன் லகார்ட், அந்த நிதியத்தின் கொள்கைகள் ஏழை நாடுகளைப் பாதிக்கின்றன என்ற எதிர்ப்பு எழுந்தபோது ஸ்மித் கல்லூரி விழாவிலிருந்து விலகினார். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக முன்னாள் வேந்தர் ராபர்ட் பர்ஜனோவுக்கு நேர்ந்தது இன்னும் விசித்திரமானது. 2011இல் பெர்க்லி போராட்டக்காரர்கள் மீது காவலர்கள் பலத்தைப் பிரயோகித்ததற்குப் பொறுப்பேற்கும் வகையில் ஒன்பது நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டும் என்று ஹேவர்ஃபோர்டு கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். அவர் வராமலே இருந்துவிட்டார். அதே மேடையில் பேச வந்த பிரின்ஸ்டன் முன்னாள் தலைவர் வில்லியம் போவன், எதிர்ப்பாளர்கள் நடந்துகொண்ட முறையைக் கண்டித்ததோடு, பர்ஜனோ வராமல் போனது அந்தக் கல்லூரிக்கு நேர்ந்த தோல்வி என்று பட்டம் பெற வந்தவர்களின் முகத்துக்கு நேரே சொன்னார். கசப்பான கருத்தைக் கேட்க வேண்டிய நிலை கடைசியில் அந்த மாணவர்களுக்கு எப்படியும் வந்து சேர்ந்தது. அவர்கள் அதைக் கேட்டார்கள். விழாவும் நடந்து முடிந்தது.

அந்த மே மாதத்தில் ஃபயர் வெளியிட்ட அறிக்கை, 2000 முதல் அதுவரை நடந்த 192 தடுப்பு முயற்சிகளைத் தொகுத்திருந்தது. அவற்றில் 82இல் பேச்சாளர் பேச முடியாமல் போயிற்று. அந்த 82ஐப் பிரித்துப் பார்த்தபோதுதான் எனக்கு இந்தச் சேவையின் உண்மையான மதிப்பு புரிந்தது. 53 நிகழ்வுகளில் அழைப்பை ரத்து செய்தது கல்லூரியே. 17இல் பேச்சாளர் எதிர்ப்பைக் கண்டு தானே விலகினார். கூச்சலிட்டுப் பேசவிடாமல் செய்தவை வெறும் 12. கேமராவில் பதிவாகிச் செய்தியாகும் காட்சி கூச்சல்தான் என்பதால், வளாகப் பேச்சுரிமை என்றவுடன் கோபமான மாணவர்களின் முகங்களே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. ஆனால், அழைப்பைத் திரும்பப் பெற்ற கை பெரும்பாலும் நிர்வாகத்தின் கைதான். மாணவர்கள் கோருகிறார்கள், முன்னாள் மாணவர்கள் கோருகிறார்கள், நன்கொடையாளர்களும் ஆயர்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் கோருகிறார்கள். கோரிக்கையும் ஒரு பேச்சுதான், அதைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை. அதற்கு இணங்குவதா மறுப்பதா என்று முடிவு செய்யும் அதிகாரம் கல்லூரித் தலைவரிடம் இருக்கிறது. பொறுப்பும் அவரிடமே இருக்க வேண்டும்.

இதனால்தான் பதிவேட்டின் மொத்த எண்ணிக்கையை மட்டும் மேற்கோள் காட்டுபவர்கள் மீது எனக்கு வருத்தம். முயற்சி என்ற ஒரே தலைப்பின் கீழ், சில நூறு பேர் கையெழுத்திட்ட ஒரு மனுவும், பல்கலைக்கழகம் அதிகாரப்பூர்வமாக விதித்த தடையும் அடுத்தடுத்த வரிகளாக நிற்கின்றன. இந்த ஆண்டு முயற்சிகள் பெருகிவிட்டன என்று ஒருவர் சொன்னால், கையெழுத்துகள் பெருகினவா, தடைகள் பெருகினவா என்று கேட்க வேண்டும். அதற்கான விடை, பதிவேட்டு அட்டவணையில் முடிவைச் சொல்லும் பத்தியில் இருக்கிறது. வாசகர்தான் அதுவரை போக வேண்டும்.

அரசியல் திசையைக் குறிக்கும் பத்தி இந்தச் சேவையின் துணிச்சலான பகுதி; அதிகம் தடுமாறும் பகுதியும் அதுதான். எதிர்ப்பு, பேச்சாளரைவிட இடப்புறம் இருப்பவர்களிடமிருந்து வந்ததா, வலப்புறம் இருப்பவர்களிடமிருந்து வந்ததா என்று அது குறிக்கிறது. பொதுவாகப் பேசப்படுவதற்கு மாறாக, எதிர்ப்பு ஒரு திசையிலிருந்து மட்டும் வரவில்லை என்பதை இந்தப் பத்தி காட்டிவிடுகிறது. 2009இல் கத்தோலிக்கப் பல்கலைக்கழகமான நோட்ர டேமில் அதிபர் பராக் ஒபாமா பட்டமளிப்பு உரை நிகழ்த்த அழைக்கப்பட்டபோது, கருக்கலைப்புப் பற்றிய அவர் நிலைப்பாட்டை முன்வைத்துக் கடும் எதிர்ப்பு எழுந்தது. அந்த மறைமாவட்ட ஆயர் விழாவைப் புறக்கணித்தார். பல்கலைக்கழகம் அழைப்பைத் திரும்பப் பெறவில்லை, ஒபாமாவும் வந்து பேசினார். 2017இல் அதே பல்கலைக்கழகத்தில் துணை அதிபர் மைக் பென்ஸ் பேசத் தொடங்கியதும் நூற்றுக்கும் மேற்பட்டோர் எழுந்து வெளியேறினார்கள். மற்றவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள், பென்ஸ் தன் உரையை முடித்தார். நோட்ர டேமின் இந்த இரு விழாக்களையும் நான் உயர்வாகவே மதிக்கிறேன். அழைத்தவரை நிர்வாகம் கைவிடவில்லை. எதிர்த்தவர்களின் வாயையும் அடைக்கவில்லை. 2017லேயே பெத்யூன்-குக்மன் பல்கலைக்கழகத்தில் கல்வி அமைச்சர் பெட்சி டிவோஸ் பேசியபோது மாணவர்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றதையும், அவர் பேச்சை மூழ்கடிக்கும் அளவுக்குக் கூச்சலிட்டதையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எதிர்ப்புக்கும் தடுப்புக்கும் நடுவிலுள்ள கோடு ஒரே அரங்குக்குள் எப்படி வந்து போகிறது என்பது தெரியும்.

ஆனால், 2023 அக்டோபருக்குப் பிறகு வளாகங்களைப் பிளந்த இஸ்ரேல்–பாலஸ்தீன விவகாரத்தில் இடம், வலம் என்ற அளவுகோல் பல இடங்களில் உதவுவதில்லை. ஒரே கட்சிக்கு வாக்களிக்கும் இருவர் இதில் நேரெதிராக நிற்கிறார்கள். சர்ச்சைக்குரிய பொருள் என்ன என்பது தனிப் பத்தியாக இருப்பதால் கவனமான வாசகர் சமாளித்துக்கொள்ளலாம். திசைப் பத்தியை மட்டும் கூட்டிக் கழித்து வரைபடம் போடுபவர்களை நம்ப வேண்டாம்.

இங்கேதான் என் முக்கியமான குறையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அழைக்கப்பட்ட பிரமுகரைச் சுற்றியே கட்டப்பட்ட சேவை இது. அண்மைக்காலப் பட்டமளிப்பு விழாக்களில் பேச்சை இழந்தவர்களோ, பெரும்பாலும் பட்டம் பெறும் மாணவர்கள். 2024 ஏப்ரலில் தெற்குக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம், தானே தேர்ந்தெடுத்த முதல்நிலை மாணவியின் உரையைப் பாதுகாப்புக் காரணம் சொல்லி ரத்து செய்தது. பாலஸ்தீன ஆதரவான அவருடைய சமூக ஊடக இணைப்பைக் குறிப்பிட்டு எதிர்ப்பு எழுந்திருந்தது. அடுத்து, வெளியிலிருந்து அழைக்கப்பட்டிருந்த பேச்சாளர்களையும் விடுவித்தது. பிறகு மே 10ஆம் தேதியின் மைய விழாவையே கைவிட்டது. ஒரு மாணவியின் சில நிமிட உரையைத் தவிர்க்கப் போய், ஒரு பல்கலைக்கழகம் தன் விழாவையே இழந்த கதை இது. கொலம்பியாப் பல்கலைக்கழகமும் அதே மாதம் 15ஆம் தேதி நடக்கவிருந்த பொது விழாவை ரத்து செய்து, துறைவாரியான சிறு விழாக்களோடு நிறுத்திக்கொண்டது. 2025 மே மாதத்தில் நியூயார்க் பல்கலைக்கழகம், பட்டமளிப்பு மேடையில் காஸா போரைக் கண்டித்துப் பேசிய மாணவரின் பட்டச் சான்றிதழை நிறுத்தி வைத்தது. அதே மாத இறுதியில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி., முந்தைய நாள் விழாவில் இதே பொருள் குறித்துப் பேசிய வகுப்புத் தலைவரை மறுநாள் பட்டமளிப்பு நிகழ்ச்சிக்கு வரவிடவில்லை. ஃபயர் இவற்றைக் கண்டுகொள்ளாமல் விட்டது என்று நான் சொல்லவில்லை. தெற்குக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் முடிவை அது வெளிப்படையாகக் கண்டித்தது. ஆனால், மாணவர்கள் மீதான நடவடிக்கைகளுக்கு ஒரு தரவுத்தளம், பேராசிரியர்கள் மீதானவற்றுக்கு இன்னொன்று, அழைக்கப்பட்டவர்களுக்கு மற்றொன்று என்று பிரித்து வைத்திருப்பதால், ஒரு கல்லூரியின் ஒரு மே மாதத்தை முழுமையாகப் பார்க்க விரும்புபவர் மூன்று இடங்களில் தேட வேண்டியிருக்கிறது.

சட்டப் பின்னணியை அறியாமல் இந்தப் பதிவுகளைப் படிப்பது கடினம், அதற்கு ஃபயர் தரும் விளக்கங்கள் தெளிவானவை. பேச்சுரிமையைக் காக்கும் அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தம் அரசை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. ஆகவே ரட்கர்ஸ் போன்ற அரசுப் பல்கலைக்கழகம் அதற்குக் கட்டுப்பட்டது, ஹேவர்ஃபோர்டும் பிராண்டைஸும் கட்டுப்பட்டவை அல்ல. தனியார் கல்லூரிகளைத் தாம் மாணவர்களுக்கு எழுத்தில் கொடுத்த வாக்குறுதியை வைத்தே மதிப்பிட முடியும். கலிஃபோர்னியாவில் மட்டும் 1992இல் வந்த லெனர்டு சட்டம், சமயச் சார்பற்ற தனியார் கல்லூரி மாணவர்களுக்கும் அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு நிகரான பேச்சுரிமையைக் கொடுத்திருக்கிறது. எனினும், பட்டமளிப்பு மேடை கல்லூரியே நடத்தும் மேடை என்பதால், அங்கே யார் பேசலாம் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அரசுக் கல்லூரிக்கும் பெரும்பாலும் உண்டு. சட்டப்படி குற்றமில்லாத ஒரு ரத்து, கல்லூரி தன் மாணவர்களுக்குக் கொடுத்த வாக்கின்படி தவறாக இருக்கலாம். பதிவேடு இந்த இரண்டையும் ஒரே வரியில் வைக்கிறது. பிரித்தறிவது நம் வேலை.

தரவரிசையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். மாணவர்களிடம் கருத்துக் கணிப்பு நடத்தும் காலேஜ் பல்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 2020இல் 55 கல்லூரிகளில் சுமார் 20,000 மாணவர்களிடம் கருத்துக் கேட்டுத் தொடங்கிய இது, இப்போது 250க்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்கு வளர்ந்திருக்கிறது. கருத்துக் கணிப்பின் விடைகளைப் படிப்பது பயனுள்ளது. பேச்சாளரைத் தடுக்க வன்முறையைப் பயன்படுத்துவது அரிதாகவேனும் ஏற்கத்தக்கதே என்று ஏறக்குறைய மூன்றில் ஒரு மாணவர் சொல்வது, பட்டமளிப்பு விழா நடத்தும் எவரையும் கவலைகொள்ளச் செய்ய வேண்டிய செய்தி. ஆனால், கணிப்பின் விடைகளையும், எழுத்திலுள்ள விதிகளையும், ஆண்டு முழுதும் நடந்த சர்ச்சைகளையும் ஒன்றாகக் கலந்து ஒரே மதிப்பெண்ணாக்கும்போது பொருள் கரைந்துபோகிறது. 2024ஆம் ஆண்டுத் தரவரிசையில் கடைசி இடம் பிடித்த ஹார்வர்டின் கணக்கிட்ட மதிப்பெண் சுழியத்துக்கும் கீழே போய், கழித்தல் 10.69 ஆயிற்று; பட்டியலில் அது 0.00 என்று அச்சானது. சுழியத்துக்குக் கீழே விழக்கூடிய ஓர் அளவுகோலில், 120ஆம் இடத்துக்கும் 140ஆம் இடத்துக்கும் உள்ள வித்தியாசம் பிள்ளைகளுக்குக் கல்லூரி தேடும் பெற்றோருக்கு எதைச் சொல்லும்? முதல் பத்தையும் கடைசிப் பத்தையும் கவனியுங்கள், நடுவிலிருப்பதை விட்டுவிடுங்கள்.

ஃபயர் ஒரு பக்கச் சார்புள்ளது என்ற குற்றச்சாட்டை எழுப்பாமல் இருக்க முடியாது. சார்ல்ஸ் கோக், பிராட்லி போன்ற வலதுசாரிச் சார்புள்ள அறக்கட்டளைகளின் நன்கொடை அதற்குக் கிடைத்திருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டுபவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால், ஃபுளோரிடாவின் குடியரசுக் கட்சி அரசு பல்கலைக்கழக வகுப்பறைப் பேச்சைக் கட்டுப்படுத்திக் கொண்டுவந்த சட்டத்தை எதிர்த்து 2022இல் வழக்குத் தொடர்ந்ததும், மேற்கு டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தடை செய்த டிராக் நிகழ்ச்சிக்காக (எதிர்பாலின வேடமிட்டு நடத்தும் மேடை நிகழ்ச்சி) 2023இல் நீதிமன்றம் போனதும், அரசியல் பேச்சுக்காக வெளிநாட்டவரை நாடு கடத்துவதை எதிர்த்து 2025இல் வெளியுறவு அமைச்சர் மார்கோ ரூபியோ மீது வழக்குத் தொடுத்ததும் இதே அமைப்புதான். கடைசி வழக்கு, விசாவில் அங்கே படிக்கும் மாணவர்களுக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்கும் நேரடியாக வேண்டியது. பட்டமளிப்பு மேடையில் அமெரிக்க மாணவர் இழக்கக்கூடியது ஒரு சான்றிதழ். வெளிநாட்டு மாணவர் இழக்கக்கூடியது அந்த நாட்டில் இருக்கும் உரிமை. யாரிடமிருந்து பணம் வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டு, யாருக்காக நீதிமன்றத்தில் நிற்கிறார்கள் என்பதையும் பார்த்து முடிவு செய்யுங்கள். நான் அப்படிப் பார்த்துத்தான் இந்தத் தரவுகளை நம்புகிறேன்.

அடுத்த திருத்தத்தில் ஃபயர் ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். மாணவப் பேச்சாளர்கள் தம் உரையை விழாவுக்கு முன்பே நிர்வாகத்திடம் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும் என்ற வழக்கம் கல்லூரிகளில் இருக்கிறது. நியூயார்க் பல்கலைக்கழகமும் எம்.ஐ.டி.யும் தம் நடவடிக்கைக்குச் சொன்ன காரணமே, மாணவர் முன்கூட்டிக் கொடுத்த உரையைப் பேசவில்லை என்பதுதான். அந்த ஒப்புதல் மேசையில் எத்தனை வரிகள் அடிக்கப்படுகின்றன, எந்தக் கருத்துகள் வெளியே வராமல் நின்றுவிடுகின்றன என்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. ரத்தான உரைக்கு ஒரு வரி கிடைக்கிறது, திருத்தப்பட்ட உரைக்கு எதுவுமில்லை. கல்லூரிகளின் எழுத்து விதிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று விளக்கு நிறங்களால் தரம் பிரிக்கும் வழக்கறிஞர்கள் ஃபயரிடம் ஏற்கெனவே இருக்கிறார்கள். பட்டமளிப்பு உரைகளை முன்கூட்டிச் சரிபார்க்கும் விதிகளையும் அவர்கள் கல்லூரிவாரியாகத் தொகுத்து, யார் படிக்கிறார், எந்த அடிப்படையில் திருத்துகிறார், மாணவர் மறுத்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் வெளியிட்டால், மேடை ஏறப்போகும் மாணவருக்கு ஏப்ரல் மாதத்திலேயே பயன்படும்.